ஆறு வயது அளவில் ஒரு தப்பை

என் மனைவி ரைசாவின் கைக்குத் தப்பை கட்டியது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு நடந்ததற்கெல்லாம் ஊரில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். வைத்தியர் மேல் பழி போடுகிறவர்கள் உண்டு, ஜின் என்கிறவர்களும் உண்டு. கட்டியவன் நான். அதுவும் அவசரத்தில், யோசிக்காமல், எல்லாம் தெரிந்தவன் போல.

தப்பை கட்டுவது எனக்குப் புதிதில்லை. உடைந்ததை நேராக நிறுத்த வேண்டுமென்றால் பக்கத்தில் விறைப்பாக ஒன்றை வைத்துச் சுற்றிக் கட்ட வேண்டும், அவ்வளவுதானே. மேசை விசிறியின் கழுத்துக்குக் கட்டியிருக்கிறேன். காற்றில் சாய்ந்த முருங்கைக் கன்றுக்குக் கட்டியிருக்கிறேன். ஒருமுறை வண்டியில் அடிபட்ட பூனைக்கு ஐஸ் குச்சி வைத்துக் கட்டினேன். அது என்னைப் பிறாண்டிவிட்டு மூன்று காலில் ஓடியது, ஒரு மாதம் கழித்து நாலு காலில் வந்து மீன் திருடியது. அந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லியே ரைசாவின் காதைப் புளிக்க வைத்திருக்கிறேன்.

மண்ணரையில் எங்களுக்கு ஒரு சின்ன பவர் டேபிள், பனியன் தைத்துக் கொடுக்கும் பட்டறை. கீழே வீடு, மாடியில் எட்டு மிஷின். நான் துணி வெட்டும் மாஸ்டர். ரைசா பேட்டர்ன் போடுவாள், முதல் சாம்பிளையும் அவள்தான் தைப்பாள். அவள் அட்டையில் வரைந்து கத்தரித்துக் கொடுப்பதை வைத்துத்தான் நான் நூறு அடுக்குத் துணியை வெட்டுவேன். அட்டையில் அரை இஞ்ச் தப்பினால் நூறு பனியனும் தப்பும். இதுவரை அவள் அட்டை தப்பியதில்லை. எங்களுக்கு ஒரே மகள், ஆஃபியா. இரண்டு வருடத்துக்கு முன் ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு ரைசா தேவைக்கு மட்டும்தான் பேசுவாள். எனக்கு வாய் சும்மா இருக்காது, அதனால் இருவருக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருந்தேன்.

ரைசா விழுந்தது மாதாந்திர மின்தடை நாளில். மிஷின் சத்தம் இல்லாத மண்ணரையில் யாருக்கும் இருப்புக் கொள்ளாது. தெருவே வாசலில் வந்து நின்று பேசிக்கொண்டிருக்கும். ரைசா வெட்டிய துணிக்கட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு இரும்புப் படியில் இறங்கினாள். நாலாவது படியில் கால் வழுக்கியது. நான் ஓடி வந்தபோது கீழே உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. வலது கை மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

மாடிக்கு ஓடினேன். சுவரோரக் கம்பியில் பேட்டர்ன் அட்டைகள் ஸ்டைல் வாரியாகத் தொங்கும். பெரிய அட்டை கைக்கு அகலம், அதனால் கடைசி ஆணியில் தொங்கிய சின்ன அளவிலிருந்து முழுக்கை அட்டை இரண்டை உருவினேன். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முழுக்கைக்கு ஒரே அட்டைதான் இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் இன்னொரு கை. வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று என்று தனித்தனியாக எந்தக் கம்பெனியும் அட்டை வெட்டாது. இருபது வருட மாஸ்டர் நான், அதைக் கவனிக்கவில்லை.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். கழுத்துப் பட்டிக்கு வைத்திருந்த ரிப் துணியைக் கிழித்துக் கட்டினேன். அன்று காலைதான் வந்த துணி. புதுத் துணியை ஒரு நாள் பிரித்துப் போட்டு ஆற விடாமல் கத்தரி வைக்கக் கூடாது, நனைந்தால் சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். இதை டைலர்களிடம் தொண்டை கிழியச் சொல்கிறவன் நானே. ஒரு அட்டை மேலே, ஒன்று கீழே, நடுவில் கை. ரிப்பை நீட்டி நீட்டி மூன்று இடத்தில் இறுக்கினேன். ரைசா அட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வலியில் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

பல்லடத்துக்கு அப்பால் பொன்னுச்சாமி என்ற கட்டு வைத்தியரிடம் ஆட்டோவில் கொண்டுபோனேன். அவர் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரருடன் பேசிக்கொண்டே ரைசாவின் கையைக் கட்டோடு தடவிப் பார்த்தார். விரல்நுனியால் பார்க்கிற ஆள்.

"எலும்பு நேரா உக்காந்திருக்குதுங்க. யாருங்க கட்டுனது?"

"நான்தானுங்க."

"அவுத்தா நழுவிக்கும். இதை இப்படியே உட்டுட்டு மேலால நான் கட்டிர்றனுங்க."

"அட்டைங்க அது. மூங்கில் இல்லீங்களே."

"எலும்புக்கு அதெல்லாம் தெரியாதுங்க. பக்கத்துல எது நிக்குதோ அது மாதிரிப் போயிக்கும்," என்றார். உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துத் துணியில் தடவி, என் கட்டின் மேலேயே சுற்றி, வெளியே நாலு மூங்கில் தப்பை வைத்துக் கட்டிவிட்டார். ரிப் நன்றாக நனைந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். ரைசா இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வலது கை மோதிரம் தானாகக் கழன்று பருப்பில் விழுந்தது. கல்யாணத்துக்கு நான் போட்டது. பத்து வருடமாகச் சோப்பு போட்டாலும் கழலாத மோதிரம் அது. ரைசா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். இரண்டு வருடத்தில் முதல் சிரிப்பு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கேனையன் மாதிரி நானும் சிரித்தேன். மோதிரம் ஏன் கழன்றது என்று அப்போது தோன்றவே இல்லை.

ஏழாம் நாள் காலை அவளுக்கு டீ கொண்டு போனேன். அவள் ஜன்னல் வழியாகத் தெருவில் காய்க்காரியிடம் விலை கேட்டுக்கொண்டிருந்தாள், முகம் அந்தப் பக்கம். நான் குனிந்து டம்ளரை வைத்தபோது, தப்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அவளுடைய விரல்கள் மெல்ல எழுந்து வந்து என் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பிடித்துத் திருகின. ஒரு பக்கம் மூன்று சுற்று, மறுபக்கம் மூன்று சுற்று. ரைசா அங்கே தக்காளிக்குப் பேரம் பேசுகிறாள். இங்கே விரல் திருகுகிறது.

ஆஃபியாதான் அப்படித் திருகுவாள். மடியில் உட்கார்ந்தால் போதும், நூல் அறும் வரை விடமாட்டாள். எத்தனை சட்டைக்கு ரைசா பொத்தான் தைத்திருப்பாள்! ரைசா என் பொத்தானை ஒருநாளும் திருகியதில்லை. அவள் அந்த ரகம் இல்லை.

நான் விலகிக்கொண்டேன். விரல்கள் கொஞ்ச நேரம் காற்றில் தேடிவிட்டுப் படுத்துக்கொண்டன. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னையல்லவா வைத்தியரிடம் கூட்டிப்போவார்கள்.

மனம் கேட்காத போது நான் இஞ்ச் டேப்பை எடுப்பவன். எட்டாம் நாள் ரைசா கண் மூடிப் படுத்திருந்தபோது அளந்தேன். இடது கை, மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஆறே முக்கால் இஞ்ச். வலது கை ஐந்தரை. வீக்கம், வாட்டம் என்று என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், எலும்பு எப்படிக் குறையும்? பத்தாம் நாள் அளந்தேன், ஐந்தேகால். பன்னிரண்டாம் நாள் ஐந்துக்குக் கீழே போய்விட்டது. டேப்பைச் சந்தேகப்பட்டுப் புது டேப் வாங்கி வந்தேன். கடைக்காரன் கொடுத்ததும் அதே கணக்கைத்தான் காட்டியது. நகங்கள் மொச்சைக்கொட்டை அளவு ஆகிவிட்டன. தொட்டால் கை சில்லென்று இருந்தது.

ரைசா மட்டும் நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டே போனாள். முணுமுணுத்துப் பாட்டு வந்தது. இடது கையால் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். சாலையைக் கடக்கும்போதும் அப்படியே. பார்க்கிறவர்களுக்கு வலிக்கிற கையைத் தாங்கிப் பிடித்திருப்பது போலத் தெரியும். எனக்கு அவள் யாரையோ கைபிடித்துக் கூட்டிப்போவது போலத் தெரிந்தது.

எங்கள் மாடியில் மயிலாத்தாள் என்ற ஓவர்லாக் டைலர் இருக்கிறாள். ஒளித்துப் பேசத் தெரியாதவள். பதினாலாம் நாள் நூல் கேட்கக் கீழே வந்தவள் ரைசாவைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ஏனுங்க பாய், அக்கா கை என்னங்க சின்னப்புள்ள கையாட்டமா இருக்குது?"

"கட்டு போட்ட கை வாடத்தான் செய்யும்."

"வாடுறது வேறைங்க. அதை உடுங்க, உள்ளுக்கு என்ன அட்டையிங்க வச்சீங்க? ஓரத்துல நீலப் பென்சில்ல எழுத்துத் தெரியுது. அது அக்கா பாப்பாவுக்குப் பெருநாள் கவுனுக்குப் போட்ட அட்டையிங்க. பாப்பா கைய அட்டை மேலயே வைக்கச் சொல்லி, சுத்தியும் கோடு இழுத்து வெட்டுச்சு. ரெண்டு கைக்கும் தனித்தனியா. நாஞ்சிரிச்சேன், ஒரு கை போதாதாக்கான்னு. எம்மக கை ரெண்டும் ஒரே மாதிரியா இருக்குதுன்னு கேட்டுச்சுங்க."

அந்தக் கவுன் தைக்கப்படவே இல்லை.

அன்றைக்கே ரைசாவிடம் கேட்டேன். மறைக்கவெல்லாம் இல்லை அவள்.

"நீங்க எடுத்துட்டு வர்றப்பவே பாத்தனுங்க."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா எடுத்துருவீங்க."

"எடுக்காம? கை செத்துட்டு வருது, ரைசா. தொட்டுப் பாரு, ஐஸாட்டம் இருக்குது."

"எப்பவும் அவ கை சில்லுனுதான இருக்கும்," என்றாள். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவது போல, "தூங்கறப்ப என்ற விரலப் புடிச்சுக்கறாளுங்க," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பயத்தில் வருகிற கோபம். கத்தினேன். நீ வேலை செய்கிற கை, நீ சோறு சாப்பிடுகிற கை, அது போனால் என்ன செய்வாய் என்றெல்லாம் கத்தினேன். கத்திய அத்தனை நேரமும் அந்தச் சின்னக் கை அவள் மடிக்குள் ஒதுங்கி ஒளிந்துகொண்டது. வீட்டில் நான் குரலை உயர்த்தினால் ஆஃபியா அப்படித்தான் அம்மாவின் மடிக்குள் போவாள். அதைப் பார்த்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது.

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ரைசாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. எப்படியோ சொல்லி எங்கள் ஊர் ராயபுரத்தில் எலும்பு டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். வலிக்கு ஊசி போட்டுவிட்டுத்தான் அவர் கையைப் பார்த்தார். விரல் நகத்தை அழுத்தினார், வெளுத்த இடம் சிவக்கவில்லை. அவர் முகம் மாறியது.

"இந்தக் கட்டை இப்பவே பிரிக்கணும். ரத்தம் இறங்கலை. சாயங்காலம் வரைக்கும் விட்டீங்கன்னா முழங்கைக்குக் கீழ எடுத்துற வேண்டியதுதான்."

அவர் கத்தரியை எடுப்பதற்குள் ரைசா எழுந்துவிட்டாள். தொட்டால் கத்துவேன் என்றாள். சொன்னபடியே கத்தினாள். வெளியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஆட்டோவில் ஏறிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஊசியின் மயக்கம் பாதி வழியில் ஏறியது. வீட்டில் கட்டிலில் கொண்டு படுக்க வைத்தபோது ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

மணி இரண்டு இருக்கும். ஞாயிறு என்பதால் மாடியில் ஆள் இல்லை. நூல் வெட்டும் கட்டரை எடுத்துக்கொண்டு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். மூங்கில் தப்பைகளைக் கழற்றினேன். காய்ந்த மாவுத் துணியைப் பெயர்த்தேன். உள்ளே என் ரிப் துணி. மூன்று கட்டும் தோலுக்குள் புதைந்து கிடந்தன. அட்டைகளுக்கு நடுவில் இருந்த கை, சத்தியமாகச் சொல்கிறேன், என் மனைவியின் கை இல்லை. மணிக்கட்டுக்கு மேலே அம்மை ஊசித் தழும்பு போல ஒரு சின்ன மச்சம். ஆஃபியாவின் அந்த மச்சத்தை நான் ஆயிரம் முறை முத்தமிட்டிருக்கிறேன்.

முழங்கைப் பக்கத்துக் கட்டை முதலில் வெட்டினேன். கை விழித்துக்கொண்டது. இதை வேறு எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை. ரைசா குறட்டை விட்டுத் தூங்குகிறாள், கை மட்டும் விழித்து என் சட்டையைத் தேடியது. பொத்தானைக் கண்டுபிடித்தது. மூன்று சுற்று அந்தப் பக்கம், மூன்று சுற்று இந்தப் பக்கம்.

"அத்தாதான் கண்ணு," என்றேன். ஆஃபியா என்னை அத்தா என்றுதான் கூப்பிடுவாள். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ரைசாவுக்கு ஒரு கை போனால் என்ன, மீதி நாளெல்லாம் நான் ஊட்டிவிடுகிறேன், ஒரு மத்தியானம், ஒரே ஒரு மத்தியானம் இப்படியே இருந்துவிடலாமே என்று நினைத்தேன். அவ்வளவு ஆசையாக இருந்தது எனக்கு. ரைசாவின் நெற்றி கொதித்துக்கொண்டிருந்தது. விரலின் நீலம் நகத்திலிருந்து கணுவுக்கு ஏறியிருந்தது.

நடுக்கட்டை வெட்டினேன். விரல்கள் பொத்தானை விட்டுவிட்டுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தன. பிடித்து இழுத்தன, வாசல் பக்கமாக. திரும்பத் திரும்ப இழுத்தன.

அது எனக்குத் தெரிந்த இழுப்பு. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் நான் மட்டும்தான் ஆஃபியாவுடன் இருந்தேன். நாலு மணிக்குள் கூரியரில் போக வேண்டிய சாம்பிள் ஒன்று பாதியில் நின்றது. நீ போய் முடித்துக் கொடுத்துவிட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ரைசாவை அனுப்பியவன் நான். அவள் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தூக்கத்திலேயே போய்விட்டாள், ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு என்று எல்லோரிடமும் சொன்னேன். மையத்தை அடக்க வந்தவர்களிடம் சொன்னேன், தெருவில் கேட்டவர்களிடம் சொன்னேன். ரைசா மட்டும் கேட்கவே இல்லை.

கடைசிக் கட்டை வெட்டுவதற்கு முன் சட்டையிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு இரண்டாவது தடவையாக எடுத்துவிட்டேன். பிறகு வெட்டினேன். அட்டைகள் இரண்டு பக்கமும் சரிந்தன. கை ஒரு முறை விரிந்து மூடியது, அப்புறம் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் நகத்தடியில் சிவப்பு ஊறியது. உள்ளங்கை அகன்றது. தையல் ஊசி குத்திய பழைய தழும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பாத்திரம் தேய்த்துக் காய்த்த விரல்கள், என் ரைசாவின் கை. நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ரைசா விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. காய்ச்சலும் இறங்கியிருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். இடது கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"போறப்ப அழுதாளாங்க?"

இன்றைக்கா, அன்றைக்கா என்று கேட்கலாம்தான். என்னிடம் தயாராக ஒரு பதில் இரண்டு வருடமாக நாக்கிலேயே இருந்தது, அதைச் சொல்லிப் பழகி அதில் எனக்கு ஒரு தடுமாற்றமும் வராது.

"அழுதா," என்றேன். "உன்னையத்தான் கேட்டா. அம்மாவக் கூப்புடுங்கன்னு சட்டையப் புடிச்சு இழுத்துட்டே இருந்தா. இதா வந்துருவா, இதா வந்துருவான்னு சொல்லிட்டே இருந்தேன். உனக்கு போன் பண்ணல, ரைசா. போன் பண்ணுனா சாம்பிள் நின்னுருமேன்னு..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிய விட்டாள்.

"தெரியுமுங்க," என்றாள். "பதினாறு நாளா என்ற கையப் புடிச்சு இழுத்து இழுத்து அதத்தான் சொல்லிட்டுக் கெடந்தா. நீங்க சொல்றீங்களான்னுதான் பாத்துட்டிருந்தேன்."

எலும்பு இன்னும் கூடியிருக்கவில்லை. தூக்கிப் பிடித்த கை நடுவில் லேசாகத் தொய்ந்தது, அவளுக்கு வலித்தது. கட்டிலில் கிடந்த மூங்கில் தப்பைகளை இடது கையால் என் பக்கம் தள்ளினாள். தன் பழைய துப்பட்டா ஒன்றைக் காட்டினாள்.

"கட்டுங்க," என்றாள். "இந்தவாட்டி இறுக்காமக் கட்டுங்க."

எனக்கு முடிச்சு விழவில்லை. துணியின் ஒரு முனையை அவளே பிடித்துக்கொண்டாள்.